நடுவில் உட்காருகிறவர்

கடைசிப் பகுதியில் மழை பெய்ததாக நினைக்கிறேன். அது திரையில் பெய்த மழையா, எங்கள் ஜன்னலுக்கு வெளியே பெரம்பூரில் பெய்த மழையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் நினைவின் மேல் எனக்கு எப்போதுமே பெரிய நம்பிக்கை கிடையாது. நூலகத்தில் வேலை பார்த்தவன். அச்சில் இருப்பதை நம்பிப் பழகியவன். இது எங்கும் அச்சில் இல்லை. ஆகவே இதைப் படிக்க நேரும் ‘வால்மீன் வணிகர்’ ரசிகர்கள், கேப்டன் அலரின் தலைத்துண்டு நீலமா பச்சையா என்பது போன்ற விவரங்களில் என்னைப் பிடிக்க வேண்டாம். பிடித்தால் சிக்கிக்கொள்வேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு கார்ட்டூன் தொடர். விண்வெளியில் போகும், எஞ்சின் இல்லாத ஒரு வணிகக் கப்பல். வால்மீன் ஒன்று கடந்து போகும்போது அதன்மேல் கயிற்றை வீசிக் கட்டிக்கொள்ளும். வால்மீன் இழுக்கும் திசையெல்லாம் போய், வழியில் உள்ள உலகங்களில் உப்பும் துணியும் விற்கும். வால்மீன் திரும்பும் வளைவுகளில் கயிறு அறுந்துவிடாமல் கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து பிடித்துப் பாடுவார்கள். அந்தக் கயிற்றுப் பாட்டு ஒரு காலத்தில் கல்யாண மண்டபங்கள் வரைக்கும் போனது. நான்காவது சீசன் கயிறு அறுந்த இடத்தில் முடிந்தது. கப்பல் இருட்டில் தனியாக நின்றது. தயாரித்த நிறுவனமும் அத்தோடு மூடிவிட்டது. பல வருடங்களுக்கு அந்தக் கப்பல் அங்கேயே நின்றது.

என் தங்கை வெண்பாதான் அதை வீட்டுக்குள் கொண்டு வந்தாள். அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மை போட்டுத் தனி அறையில் கிடந்த நாட்களில் முழுவதையும் தனியாகப் பார்த்து முடித்திருந்தாள். உடம்பு தேறி வெளியே வந்ததும் முதல் வேலையாக என்னைக் கூடத்துச் சோபாவின் நடுவில் உட்கார வைத்தாள். அவள் டிவிக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துகொண்டாள். திரைக்கு அவளுடைய முதுகு.

“நீ பாக்கலையா?” என்றேன்.

“நான்தான் பாத்துட்டேனே. இப்ப உன்னைப் பாக்கறேன். நீ அங்க பாரு.”

மூக்கன் என்ற நீளமூக்கு ரோபோ முதல் ஜோக்கைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் கைதட்டி, “கப்பல் ஏறிட்டான்!” என்று கத்தினாள்.

அதுவே பிறகு சட்டமாகிவிட்டது. எங்கள் வீட்டில் முதலில், பிறகு பெரம்பூர் ரசிகர் கூட்டத்திலும். தொடரைப் பார்க்காதவர் நடுவில் உட்காருவார். பார்த்தவர்கள் எல்லாம் அவருடைய முகம் தெரியும்படி சுற்றி உட்காருவார்கள். எங்கே சிரிக்கிறார், எங்கே கண்ணைச் சுருக்குகிறார், மூக்கன் உடையும்போது எச்சில் விழுங்குகிறாரா என்று பார்ப்பார்கள். அதில் கிடைத்த சுகம் திரையில் கிடைக்கவில்லை. மற்றவர்கள் அவ்வப்போது திருட்டுத்தனமாகத் திரையையும் பார்த்துக்கொள்வோம். வெண்பா மட்டும் பார்க்கவே மாட்டாள். திரைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு தொடரை இருபது வருடத்துக்கும் மேலாக ரசித்த பெண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஜோயல் அப்படி நடுவில் உட்கார்ந்தவன்தான். ரசிகர் கூட்டத்தில் கயிற்றுப் பாட்டுக்கு கீபோர்டு வாசிக்க ஆள் வேண்டுமென்று சர்ச் பாடகர் குழுவிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். அட்டையில் செய்த ஹெல்மெட்டை எல்லோருக்கும் மாட்டிவிட்டுக்கொண்டே வந்த வெண்பா அவனிடம் வந்து நின்றாள்.

“பாட்டு சூப்பர். உங்களுக்கு எந்த எபிசோடு பிடிக்கும்?”

“நான் பாத்ததில்லைங்க. நோட்ஸ் குடுத்தாங்க, வாசிச்சேன்.”

“பாக்காமலே இப்படி வாசிச்சியா? பாவி!” என்றாள். ‘ங்க’ போய் ‘யா’ வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் சோபாவின் நடுவில் இருந்தான். அவள் தரையில், அவன் முகத்தைப் பார்த்தபடி. நான்கு சீசன் முடிவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியக் கொஞ்சம் தாமதமானது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவனை ‘டேய் ஜோ’ என்றுதான் கூப்பிட்டாள். மாமியார் முன்னால் மட்டும் ‘டேய்’ இருக்காது.

பிறகு அவர்களுடைய மகள் ரூத். பேச்சு வருவதற்கு முன்பே அவளைத் தலையணை வைத்து நடுவில் சாய்த்துவிட்டார்கள். ‘அம்மா’வுக்கு அடுத்து அவள் சொன்ன சொல் ‘மூக்கா’. சமையலறைப் புனலை ரப்பர் பேண்டால் மூக்கில் கட்டிக்கொண்டு வீடு முழுக்க உலவுவாள். பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே இருந்தது. ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளே நடுவில். வருடக்கணக்காக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெண்பா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இனி ‘புதுப்பார்வை’ பற்றிச் சொல்ல வேண்டும்.

அதை முதலில் கண்டுபிடித்தது விபத்தில் சிக்கியவர்களுக்காக. கெட்ட நினைவு ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து மங்கச் செய்யும் சிகிச்சை. நல்ல நினைவையும் அதேபோல் மங்கச் செய்யலாம் என்று யாருக்கோ தோன்றியது. பிடித்த படத்தை மறந்துவிட்டு மறுபடியும் முதல் முறையாகப் பார்க்கலாம். ஊரெங்கும் நிலையங்கள் வந்தன. செய்துகொண்டவர்கள் மணிக்கட்டில் பச்சைக் கயிறு கட்டிக்கொண்டார்கள். ‘எனக்குக் கதை தெரியாது, சொல்லிவிடாதே’ என்று பொருள். பழைய படங்கள் புதுப் படங்களைப் போல ஓடின. எங்கள் கூட்டத்தில் நல்லசிவம் என்றொருவர் மூன்று முறை செய்துகொண்டார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே மாதிரி சிரித்தார். மூன்றாவது முறை அவர் முகத்தைப் பார்க்க யாரும் வரவில்லை. அது ஏன் என்று எங்களில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

வெண்பாவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்த அதே மாதத்தில் அந்த அறிவிப்பும் வந்தது. தொடரை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. தீபாவளி கழித்துக் கடைசி சீசன். மருத்துவர்கள் அவளுக்குக் கொடுத்த காலம் ஏறக்குறைய அதுவரைதான். அன்று கூடத்தில் நாங்கள் நால்வரும் இருந்தோம்.

“நான் புதுப்பார்வை பண்ணிக்கப் போறேன்” என்றாள்.

ஜோயல் கீபோர்டை மூடிவிட்டுத் திரும்பினான். “ஏன்டி, வேற ஆசையே இல்லையா உனக்கு? ஊட்டி, கொடைக்கானல்...”

“ஊட்டிக்குப் போனா நீ சளி பிடிச்சுப் படுத்துப்ப. உனக்கு வெந்நீர் வெக்கறதுலயே என் காலம் போயிடும்.”

ரூத் சிரித்தாள். கல்லூரியில் சேர்ந்திருந்த புதிது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நெஜமாத்தான் சொல்றேன்” என்றாள் வெண்பா. “நான் மொத தடவ பாத்தப்ப தனியா, வேப்பிலை கூட, சொறிஞ்சுக்கிட்டுப் பாத்தேன். என் மூஞ்சிய யாரும் பாக்கல. அப்புறம் ஊர்ல இருக்கறவனை எல்லாம் நடுவுல உக்கார வெச்சேன். எனக்கு ஒரு தடவ அந்த சீட்டு கெடைக்கக் கூடாதா?”



நிலையத்தில் எங்களைப் பார்த்தவர் டாக்டர் முபீனா. நிதானமான பெண். எதையும் மறைத்ததாக நான் நினைக்கவில்லை.

“தொடரை ஓட விடுவோம்மா. நீங்க பாத்துட்டே இருங்க. அப்ப மூளையில எந்தெந்த எடம் விழிச்சுக்குதோ அதைக் குறிச்சுப்போம். அந்த எடத்தைத்தான் மங்க வெப்போம். ஒண்ணு கேக்கணும். தனியாப் பாத்ததா, சேர்ந்து பாத்ததா?”

“தனியாவா?” என்றான் ஜோயல். “எங்க வீட்ல பக்கத்து வீட்டுப் பூனைகூட நாலு சீசன் முடிச்சிருக்கு டாக்டர்.”

டாக்டரும் சிரித்தார். “சேர்ந்து பாத்தவங்களுக்கு அக்கம்பக்கமும் கொஞ்சம் மங்கும். யார் எந்தப் பக்கம் உக்காந்தாங்க, என்ன சாப்பிட்டாங்க, அந்த மாதிரி. பரவாயில்லையா?”

“பிரியாணி மறந்துட்டா மறுபடி சாப்பிட்டுக்கறேன்” என்றாள் வெண்பா.

அவர் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டார். தொடர் ஓடும்போது உங்கள் கண் எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. டிவி ஓடும்போது எவருடைய கண்ணும் டிவியில்தானே இருக்கும். எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அது மூச்சு விடுவது போல. மூச்சு விடுகிறோம் என்று யாரும் மருத்துவரிடம் போய்ச் சொல்வதில்லை.

சிகிச்சை முடிந்து அவள் வெளியே வந்தபோது கையில் பச்சைக் கயிறு இருந்தது. என்னைப் பார்த்ததும், “அண்ணா, பசிக்குது” என்றாள். பிறகு ஜோயல் பக்கம் திரும்பினாள். அவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கையை உடனே பிடிக்கவில்லை. முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையை, மறுபடியும் முகத்தை.

“ரொம்ப நேரம் காத்திட்டிருந்தீங்களா?” என்றாள்.

ஜோயல் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டான். “ஆமாங்க மேடம்.”

அவள் சிரித்தாள், மரியாதைக்காக. பிறகு ரூத்தைப் பார்த்தாள். ஒரு வீட்டுக்குப் போனால் அங்கிருக்கும் பெண்பிள்ளையைப் பார்ப்போமே, அப்படி. “ரூத்” என்றாள், பெயரைச் சரிபார்ப்பது போல. “எவ்வளவு வளந்துட்ட!”

அன்று காலைதான் ரூத் அவளுக்குத் தலை பின்னிவிட்டிருந்தாள்.

அவளைச் செவிலியுடன் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மூவரும் டாக்டரின் அறைக்குப் போனோம். அவர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்தவங்களுக்குக் காட்சி விழிக்கும், வசனம் விழிக்கும், பாட்டு விழிக்கும்” என்றார் கடைசியில். “இவங்களுக்கு முகத்துக்கான எடம் அப்படி விழிச்சுது. கதாபாத்திரங்களோட முகம்னு நெனச்சேன். அவ்வளவு பிடிச்ச ரசிகைன்னு நெனச்சேன். சார், இவங்க திரையைப் பாக்கவே மாட்டாங்களா?”

ஜோயல் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு எனக்கு இன்றும் பெயர் தெரியாது. “மொத தடவ பாத்திருப்பா. அதுக்கப்புறம் எங்களைத்தான் பாத்தா.”

“திரும்ப வருமா?” என்று ரூத் கேட்டாள்.

“நீ அவங்க பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியும்மா. தெரியறது போகாது. ஞாபகம் வேற, தெரியறது வேற. டெல்லி தலைநகரம்னு நமக்குத் தெரியும். அதுக்காக அங்க போகாதவங்களுக்கு டெல்லி ஞாபகம் வருமா?” சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போல மேசையைப் பார்த்தார். “மங்கினது திரும்பாது. புதுசா சேரறது சேரும். காலம் இருந்தா.”

காலம் எவ்வளவு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் அப்பாவும் மகளும் சமையலறையில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டை போட்டார்கள்.

“அம்மா கிட்ட சொல்லிடலாம்பா. என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

“தெரிஞ்சு? இருக்கற நாளும் அழுதுட்டே இருக்கணுமா? அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. நடுவுல உக்காந்து பாக்கணும்னா. அதைக் குடுப்போம்.”

“நீங்க குடுங்க. என்னால அங்க வந்து உக்கார முடியாது. எனக்கு அம்மா வேணும்பா. சந்தோஷமா டிவி பாக்கற ஆன்ட்டி வேணாம்.”

ஜோயல் குக்கர் விசில் வந்ததும் அடுப்பை அணைத்தான்.

தொடரை முதலிலிருந்து ஆரம்பித்தோம். வெண்பா நடுவில் உட்கார்ந்தாள். நான் ஒரு பக்கம், ஜோயல் தரையில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில். ரூத் அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தாள். மூக்கன் முதல் ஜோக்கைச் சொன்னான். வெண்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலியும் கூடவே வந்திருக்க வேண்டும், ஆனாலும் சிரித்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

“என்ன ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாக்கறீங்க?”

“புதுசாப் பாக்கறவங்க மூஞ்சிய மத்தவங்க பாக்கணும். அது இந்த வீட்டுச் சட்டம்” என்றான் ஜோயல்.

“நல்ல சட்டம்! யாரு போட்டா?”

ஜோயல் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனான்.

“பழைய சட்டம்” என்றேன்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை: அவை மகிழ்ச்சியான நாட்கள். அவளுக்கு. மூக்கன் உடைந்தபோது அழுதாள். மூன்றாவது சீசனில் கேப்டன் அலர் தன் தம்பியை அடையாளம் தெரியாமல் அவனிடம் உப்பு விற்கும் காட்சியில், “ஐயோ, பாரு, பாரு, அவன்தான்!” என்று சோபாவைக் குத்தினாள். ஜோயலிடம் நன்றாகவே நடந்துகொண்டாள். அவன் கயிற்றுப் பாட்டை வாசித்தால், “ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க” என்பாள். ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் அவன் தோள் சற்றே இறங்கும். வேறு எதையும் அவன் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் மதியம் நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ரயில்வே பணிமனைச் சங்கு ஊதி ஓய்ந்தது. வெண்பா மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் நடப்பதே அவளுக்குச் சிரமம்.

“அண்ணா, உன்னை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சைக்கிள்ல போயி மாட்டு மேல இடிச்சது. அரை டிராயரோட நிக்கறது. நீ ஒருத்தன்தான் முழுசா இருக்க.”

அதெல்லாம் தொடர் வீட்டுக்குள் வருவதற்கு முந்தைய நாட்கள். நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

“ரூத் சின்ன வயசுல எப்படி இருப்பா?”

“ஏன் கேக்கற?”

“தேடிப் பாக்கறேன், கெடைக்கல. ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனது இருக்கு. காய்ச்சல்ல தூக்கிட்டு ஓடினது இருக்கு. ஆனா எல்லாத்துலயும் அவ எனக்கு முதுகு காட்டிட்டு நிக்கறா. திரும்புடின்னு கூப்புடறேன். திரும்ப மாட்டேங்கறா.” கையிலிருந்த பச்சைக் கயிற்றை முறுக்கினாள். “என்னை என்ன பண்ணாங்க, அண்ணா? நீ பொய் சொன்னா எனக்குத் தெரியும். உன் மூஞ்சி மட்டும் எனக்கு இன்னும் படிக்க வரும்.”

ஜோயலுக்கு நான் வாக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. சொன்னேன். சட்டத்தைப் போட்டவள் யார் என்று சொன்னேன். டிவி பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு அவள் உட்கார்ந்த இடத்தைச் சொன்னேன். அம்மை, வேப்பிலை, ஜோயல், புனல் மூக்கு எல்லாம் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். வெகுநேரம் எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்.

“அப்போ இத்தனை வருஷமா நான் படமே பாக்கலையா?”

“இல்ல.”

“லூசு மாதிரி இருந்திருக்கேன்” என்றாள். பிறகு, “இப்ப பாக்கறேனே, நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ்வளவு ஒண்ணும் நல்லா இல்ல” என்றாள்.

நான் மடித்த துணியையே மறுபடியும் மடித்தேன்.

கடைசி சீசன் வந்தபோது அவளால் சோபாவில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. கட்டிலையே கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டிருந்தோம். அதன் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பொறுமை அவள் உடம்புக்கு இல்லை. “கடைசி ஒண்ணு மட்டும் போடுங்க, கப்பல் என்ன ஆச்சுன்னு பாத்துடலாம்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே வானம் மூடிக்கொண்டிருந்தது. ஜோயல் தொடரை ஓடவிட வேண்டிய நேரத்தில் அவள் குரல் கொடுத்தாள்.

“ரூத்! இங்க வா.”

கதவு திறந்தது. ரூத் வாசலிலேயே நின்றாள்.

“இதை நீ பாத்திருக்கியா?”

“இது இன்னைக்குத்தாம்மா வந்திருக்கு. யாருமே பாத்ததில்ல.”

“அப்போ நீயும் புதுசு. சட்டம் தெரியும்ல? நடுவுல வந்து உக்காரு.”

ரூத் அசையவில்லை. “நீங்கதான் நடுவுல. உங்களுக்காகத்தான் இதெல்லாம்.”

“நான் நாலு சீசனா நடுவுல உக்காந்து பாத்துட்டேன். அந்த சீட்டுல ஒண்ணும் இல்லடி. சும்மா படம் தெரியுது.”

ரூத் வந்தாள். சோபாவின் நடுவில், கட்டிலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். வெண்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. ஜோயல் தலையணையை எடுத்து இந்தப் பக்கம் வைத்தான். இப்போது திரை அவள் முதுகுக்குப் பின்னால்.

“தள்ளி உக்காருடா ஜோ, மறைக்குது” என்றாள்.

ஜோயல் நின்ற இடத்திலேயே நின்றான். “வெண்பா? ஞாபகம்... வந்துடுச்சா?”

“இல்ல. ‘நீங்க’ன்னு சொல்லும்போதெல்லாம் உன் மூஞ்சி வாடிப் போகுது. அதான்.”

அவன் தள்ளி உட்கார்ந்தான்.

தொடர் ஆரம்பித்தது. இருட்டில் கப்பல் நின்றிருந்தது, அது எனக்குத் தெரியும். முதல் காட்சியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு நான் பார்த்தது என் தங்கையை. அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைப்பதைக்கூட அவள் தள்ளிப்போட்டது போல இருந்தது. ஒரு பாடத்தைத் தேர்வுக்கு முந்தைய நாள் படிப்பவர்களிடம் அந்தப் பார்வையை நான் நூலகத்தில் கண்டிருக்கிறேன். ரூத் திரையைப் பார்க்கத்தான் முயன்றாள். அம்மா கேட்டதற்காக நிஜமாகவே முயன்றாள். ஒரு இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, மூக்கன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். “அதோ” என்றாள் வெண்பா மெதுவாக. “அந்தப் பல்லு. அந்தப் பல்லு சின்ன வயசுலயும் இப்படித்தான் இருந்துச்சா?”

“ஆமாம்மா. கோணல் பல்லு. கிளிப் போட்டுக்க மாட்டேன்னு நான்தான் அழுதேன்.”

“நல்லவேளை.”

அதற்குப் பிறகு ரூத்தின் கண்கள் திரைக்குப் போகவில்லை. ஜோயலின் கண்களும் போகவில்லை. எங்கேயோ கயிற்றுப் பாட்டு கேட்டது. இந்த முறை அதில் புதிதாக ஒரு பெண்குரல் சேர்ந்திருந்தது. பல வருடங்களாக ஊர் முழுக்க, உலகம் முழுக்கக் காத்திருந்த காட்சி அது. பல வீடுகளில் அந்த நேரத்தில் கத்தியிருப்பார்கள், அழுதிருப்பார்கள். எங்கள் கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். திரையை ஒருவரும் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்து பெயர்கள் ஓடும் இசை வந்தது.

“என்ன ஆச்சு?” என்று வெண்பா கேட்டாள். “கப்பல் போய்ச் சேந்துச்சா?”

“தெரியலம்மா. நான் பாக்கல” என்றாள் ரூத்.

“ஜோ?”

“நானும் பாக்கல.”

என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“உருப்படாத குடும்பம்” என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மறுபடியும் போடட்டுமா என்று ஜோயல் கேட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அப்போதும் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அல்லது தொடரை நிறுத்தியதும் அது நின்றது. இரண்டில் எது என்று சொல்லத் தெரியவில்லை.

வெண்பா மார்கழி தொடங்கும் முன் இறந்துபோனாள். கடைசி வாரங்களில் அவள் ரூத்தைத் தவிர வேறு எதையும் அதிகம் பார்க்கவில்லை. அந்த நினைவுகளாவது அவளோடு இருந்தனவா என்று எங்களால் கேட்க முடியவில்லை.

ஜோயல் இப்போதும் சர்ச்சில் வாசிக்கிறான். ரசிகர் கூட்டத்துக்குப் போவதில்லை. ஒருமுறை புதுப்பார்வை நிலையத்துக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே திரும்பிவிட்டான். டாக்டர் முபீனா அந்த வேலையை விட்டுவிட்டு, தீக்காயப் பிரிவு ஒன்றில் இருக்கிறார். நிலையத்தில் வருகிறவர்களிடம் இப்போது கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறார்கள்: பார்க்கும்போது நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? பெரும்பாலோருக்கு அந்தக் கேள்வி புரிவதில்லை என்கிறார்கள். நல்லசிவம் ஐந்தாவது முறையும் செய்துகொண்டார்.

ரூத் சேலத்தில், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். அங்கே பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைவிட்டுக் கண் எடுப்பதில்லையாம். முதல் வருடம் அது தனக்குத் தாங்கவே இல்லை என்றாள். கல்யாணம் ஆகிவிட்டது. பல்லுக்கு இன்னும் கிளிப் போடவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கப்பல் கரை சேர்ந்ததா என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது.